மூன்றாம் மிஷின் ஓடாத மார்ச்

பிப்ரவரி 18

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். அணையில் நீர்மட்டம் இன்னும் ஓர் அடி இறங்கிவிட்டதாம். எனக்குத் தெரியாதா? ஜன்னலைத் திறந்தால் அணைதானே தெரிகிறது. கரையில் முன்பு தண்ணீருக்குள் கிடந்த பாறைகள் எல்லாம் வெளியே வந்து வெயில் காய்கின்றன.

என் வீட்டுக்காரி ஆவுடை இருந்தால் பால் பொங்கியிருக்காது. அவள் தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். பொங்கல் கழிந்த வாரத்தில் போனவள். கால் ஆறியதும் வந்துவிடுவாள்.

வடகிழக்குப் பருவமழை இந்த வருஷம் எங்களை ஏமாற்றிவிட்டது. தாழையாற்றில் வந்த தண்ணீர் வழக்கத்தில் பாதிகூட இல்லை. இந்த நீர்மின் நிலையத்தின் வருட இலக்கு இருபது கோடி யூனிட். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அதைத் தொட வேண்டும். தொட முடியாது என்று டிசம்பரிலேயே எழுதி அனுப்பினேன். பதில், இன்னும் கொஞ்சம் உற்சாகமாக இருக்கும்படி.

பிப்ரவரி 25

தலைமை அலுவலகத்துடன் வீடியோ மீட்டிங். தலைமைப் பொது மேலாளர் ரகோத்தமன் சென்னையிலிருந்து வருட உற்பத்தியின் தூண் வரைபடம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பச்சைத் தூண்கள். இந்த வருஷத்துத் தூண் மஞ்சளாக, உயரம் குறைந்து நின்றது.

"கோமதிநாயகம், மூணாவது வருஷமும் இலக்கைத் தொட்டோம்னு ரிப்போர்ட்ல போடணும். புது முதலீட்டாளர்கள் அதைத்தான் பாக்கறாங்க."

"மழை பெய்யலையே சார்."

"ரிப்போர்ட்ல மழைக்குத் தூண் கிடையாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்துத்தான் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஒரே சட்டையை மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாஷிங் மிஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. முப்பது மெகாவாட் மிஷினை ஓட்டுகிறவன்.

மார்ச் 3

ஆவுடை போன் செய்தாள். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 6

முதல் மிஷினும் இரண்டாம் மிஷினும் இன்று நின்றன. அவற்றுக்குத் தண்ணீர் போகும் வாய், அணையின் பாதி உயரத்தில் இருக்கிறது. மட்டம் அதற்குக் கீழே போய்விட்டது. இனி ஜூனில் தென்மேற்கு மழை வந்தால்தான்.

மீதித் தண்ணீர் மூன்றாம் மிஷினுக்கு. அதன் வாய் மட்டும் அடியில் இருக்கிறது. ஆனால் அது சும்மா ஓட்டுவதற்கான மிஷின் அல்ல. மாநிலத்தின் மின்தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சென்னை மையத்தோடு எங்களுக்கு ஓர் ஒப்பந்தம். எங்காவது பெரிய அனல் நிலையம் திடீரென்று விழுந்தால், அதாவது நின்றுபோனால், மையம் எங்களைக் கூப்பிடும். பத்து நிமிஷத்துக்குள் மூன்றாம் மிஷின் முழுச் சுமையில் ஓட வேண்டும். அதுவரை அது தண்ணீரை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இப்படி நிற்பதற்குப் பெயர் ரிசர்வ். நிற்பதற்கு மாதாமாதம் பணமும் உண்டு.

சாயங்காலம் கண்ட்ரோல் ரூமில் பெனிட்டாவோடு உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் இன்ஜினீயர், நாசரேத் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. மிஷின்களின் சத்தம் இல்லாததால் மின்விசிறியின் கிறீச்சுகூடப் பெரிதாகக் கேட்டது.

"அம்மா எப்ப சார் வாராங்க?" என்று ஆவுடையைப் பற்றிக் கேட்டாள்.

"கால் ஆறணும்லா."

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரீடிங் நோட்டை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 9

பயந்தது நடந்துவிட்டது. ரகோத்தமன் போன் செய்தார்.

"மூணாவது மிஷின்ல எவ்வளவு தண்ணி இருக்கு?"

"ராத்திரி பகலா ஓட்டினா ஒரு வாரத்துக்கு வரும் சார். ஆனா அது ரிசர்வ்."

"ஒரு வாரம்னா ஐம்பது லட்சம் யூனிட். நமக்கு இலக்குக்குக் குறையறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓட்டிடுங்க."

"ஏப்ரல், மே சார். வெயில் காலம். மையம் கூப்பிட்டா என்ன செய்ய?"

"போன வருஷம் கூப்பிட்டானா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"ஒரு தடவை."

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவை. அதுக்காக ஐம்பது லட்சம் யூனிட்டை அணைக்குள்ள வச்சுப் பூட்டணுமா?"

இதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியை ரூட் பஸ்ஸாக ஓட்டலாமா என்று கேட்டிருக்கலாம். அது போனை வைத்து அரைமணி நேரம் கழித்துத்தான் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்க கோமதிநாயகம்" என்று கடைசியில் குரலைத் தணித்துச் சொன்னார். அது பொய்யில்லை என்றே பட்டது. ஆனால் அவருக்கு மேலே இருக்கும் ஆளுக்கு அணை எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது தெரியுமா?

திங்கட்கிழமை ஓட்டத் தொடங்க வேண்டுமாம்.

மார்ச் 10

மூன்றாம் தேதி ஆவுடை பேசியதை எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தேன். தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

"அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அக்கா மாடிப்படி ஏறி வத்தல் காயப்போடுதா. போன மாசமே நல்லாயிட்டு."

"அப்ப வரவேண்டியதுதானே."

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருக்கேன். கணக்கு டீச்சர் பிரசவ லீவுல போயிருக்கா. அந்த இடத்துக்கு."

"எப்பலேருந்து?"

"ஜனவரி கடைசிலேருந்து. உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ம்ம்னு சொல்லிட்டு, யார்கிட்டயோ லெவல் எவ்வளவுன்னு கேட்டீங்க."

நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடும். ஜனவரியில் நீர்மட்டம் தினம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டா. ஜூன்லேருந்து என்னை நிரந்தரமா இருக்கச் சொல்லுதாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யோசிக்கேன்னு சொல்லிருக்கேன்." பிறகு, "யோசிச்சாச்சு" என்றாள்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவள். இந்த மலைக் கேம்பில் பள்ளிக்கூடம் இல்லை. ஐம்பது வயதில் முதல் வேலை. ஒரு மாறுதலுக்கு இருந்துவிட்டு வரட்டும். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 13

பொய் சொல்லிவிட்டேன்.

காலையில் ரகோத்தமன் கேட்டார், "மிஷின் ஓடுதா?"

"இல்ல சார். தாங்கி சூடாகுது. திறந்து பாக்கணும்."

வாயில் வந்தது அதுதான். மிஷினின் சுழல்தண்டைத் தாங்கும் அந்தத் தாங்கி ஒன்றும் சூடாகவில்லை. ஓடாத மிஷினுக்கு எப்படிச் சூடாகும்? அவர் அந்தக் காலத்தில் இன்ஜினீயராக இருந்தவர். யோசித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். மீட்டிங் அவசரத்தில் இருந்தார்.

"எவ்வளவு நாள்?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

இருபத்தாறு வருஷ வேலையில் அளவுமானியில் ஒரு கோடுகூடக் கூட்டிச் சொன்னதில்லை. நேராக முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கே வேறொருவனை அனுப்பி ஓட்டச் சொல்லுவார். பொய்க்கு இது நல்ல காரணமா, பயத்துக்கு நல்ல காரணமா, தெரியவில்லை.

சென்னை மையத்துக்கு வழக்கம்போல 'மூன்றாம் மிஷின் தயார்' என்று சொல்லியாயிற்று. அது உண்மை. அவர்களுக்கு உண்மை, சொந்தக் கம்பெனிக்குப் பொய்.

மார்ச் 17

பெனிட்டா கண்டுபிடித்துவிட்டாள்.

வாரத்துக்கொரு முறை மூன்றாம் மிஷினைக் கொஞ்ச நேரம் சுழலவிட்டுச் சோதிப்பது வழக்கம். இந்த வாரம் வேண்டாம் என்றேன். சுழன்றால் அது தலைமை அலுவலகத் திரையில் தெரியும். பழுதான மிஷின் எப்படிச் சுழலும்?

"தாங்கியில என்ன சார் கோளாறு? நான்தானே ரீடிங் எடுக்கேன். எல்லாம் சரியா இருக்கு."

"இருக்கட்டும்."

"மையத்துக்குத் தயார்னு என் வாயால சொல்லுதேன். ஹெட் ஆபீஸ்ல பழுதுன்னு நீங்க சொல்லுதீங்க. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்தா யாரைப் பிடிப்பாங்க?"

"என்னை."

"அதை எங்கிட்ட முதல்லயே சொல்லிருக்கலாம்லா சார். நானும் தண்ணியை வைக்கணும்னுதானே நினைக்கேன்."

கதவை அடைக்காமல் போய்விட்டாள். அவளுக்குக் கோபம், பொய் சொன்னதற்காக இல்லை, அவளிடமும் சொன்னதற்காக. எனக்கு ஏன் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை என்று யோசித்தேன். யாரிடமும் சொல்லத் தோன்றுவதில்லை.

மார்ச் 24

ரகோத்தமன் கோயம்புத்தூரிலிருந்து பழுது பார்க்க ஆளனுப்புகிறேன் என்றார். தேவையில்லை, உதிரிபாகம் வந்துகொண்டிருக்கிறது என்றேன். எங்கிருந்து என்றார். திருச்சி என்றேன். ஒரு பொய்க்கு மூன்று பொய் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

குழாய் ஒழுகுகிறது. வாஷரை மாற்றினேன். இப்போது இன்னும் அதிகமாக ஒழுகுகிறது.

மார்ச் 31

வருடம் முடிந்தது. பத்தொன்பது கோடியே ஐம்பத்திரண்டு லட்சம். இலக்கு எட்டவில்லை.

மற்ற நிலையங்களில் கேக் வெட்டிய படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டேயிருந்தன. எங்கள் நிலையத்தின் பெயருக்கு எதிரில் ரகோத்தமன் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அணையைப் போய்ப் பார்த்தேன். அடியில் பச்சையாக, அசையாமல், கிடக்க வேண்டிய தண்ணீர் கிடந்தது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். தலைவலிதான் இருந்தது.

ஏப்ரல் 3

பிடிபட்டேன். பிடிபட்ட விதம்தான் வயிற்றெரிச்சல்.

சென்னையில் ஏதோ கூட்டம். மின்தொகுப்பு மையத்து அதிகாரி ஒருவர் ரகோத்தமனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தண்ணி இல்லாத வருஷத்துலயும் மார்ச் முழுக்க ரிசர்வைத் தயாரா வச்சிருந்த நிலையம் உங்களுதுதான்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறார்.

மத்தியானம் போன் வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பழுதான மிஷின் எப்படிங்க மாசம் முழுக்கத் தயாரா இருந்தது?"

"பழுது இல்ல சார்."

"பொய் சொன்னீங்க."

"ஆமா சார்."

"இத்தனை வருஷத்துல நான் நம்பின ஒரே ஸ்டேஷன் இன்சார்ஜ் நீங்கதான். உங்க நம்பர்னா ரெண்டாவது தடவை பாக்க மாட்டேன்."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் அந்த வாக்கியத்தைப் போல உறைக்கவில்லை. சென்னைக்கு மாற்றல். பதினைந்தாம் தேதி அங்கே சேர வேண்டும். வேலை, வருடாந்திர அறிக்கைப் பிரிவில்; எல்லா நிலையங்களின் தூண்களையும் வரைந்து வண்ணம் கொடுப்பது. பெனிட்டா மேல் நடவடிக்கை வேண்டாம், அவளுக்கு நான்தான் உத்தரவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார்.

ஏப்ரல் 7

ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தது என் தப்பு.

"நீங்களா பொய் சொன்னீங்க?"

"தண்ணிக்காக."

"ஒரு மிஷின் தயாரா நிக்கணும்னு மேலிடத்தை எதுத்திருக்கீங்க. எனக்காக ஒரு நாள் லீவு கேக்க உங்களுக்கு வாய் வந்ததில்லையே."

"ஸ்டேஷனை விட்டுட்டு எப்படி வர?"

"அதைத்தான் சொல்லுதேன். எனக்கு விடைத்தாள் திருத்தணும். வைக்கேன்."

நான் செய்தது சரியா தப்பா என்றாவது அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 11

உள்ளது உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெனிட்டா போன் செய்தாள். குரலில் வேகம்.

"சார், மையத்துலேருந்து கால். ரெண்டு அனல் யூனிட் ஒண்ணா விழுந்துட்டு. ஃப்ரீக்வென்சி இறங்கிட்டே போகுது. மூணை ஓட்டச் சொல்லுதாங்க."

"ஓட்டு."

"ஓட்டுனேன். எந்திரிக்க மாட்டேங்கு. பிரேக் விடலைன்னு காட்டுது."

ஃப்ரீக்வென்சி இறங்கினால் தொகுப்பில் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓடினேன். மிஷின் நிற்கும்போது சுழலாமல் இருக்க, அடியில் பிரேக் கட்டைகள் அழுத்திப் பிடித்திருக்கும். ஓட்டும்போது அவை தானாக இறங்க வேண்டும். ஒரு மாதமாகச் சோதனை ஓட்டம் இல்லாததால் ஏதோ ஒரு கட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. சோதனையை நிறுத்தியவன் நான்; பிடிபட்ட பிறகு அதைத் திரும்பத் தொடங்கச் சொல்ல மறந்தவனும் நான். பழுது என்று பொய் சொல்லி, மிஷினைக் கிட்டத்தட்டப் பழுதாக்கியே வைத்திருந்தேன். படி இறங்கும்போது அந்த நினைப்பில் கால் இடறியது.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். முதல் கட்டை இறங்கியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது இறங்கியிருந்தன. மறுபக்கம் சுற்றிப் போனால், ஒன்று மட்டும் மேலே நின்றது. சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. மேலிருந்து பெனிட்டா கத்தினாள்:

"சார், ஊர்களுக்குக் கரண்டை வெட்டட்டுமான்னு கேக்காங்க."

"ரெண்டு நிமிஷம் கேளு."

"கேட்டுட்டேன். இது அந்த ரெண்டு நிமிஷம்தான்."

கடப்பாரையை இடுக்கில் கொடுத்து முழுப் பலத்தையும் போட்டு அமுக்கினேன். கை வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. இரண்டாவது அமுக்கில் டக்கென்று இறங்கியது.

"ஓட்டு" என்று கத்திக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்தேன்.

முதலில் தண்ணீரின் இரைச்சல். பிறகு தரை அதிர்ந்தது. மேலே ஏறிப் போவதற்குள் பெனிட்டா மிஷினைத் தொகுப்போடு இணைத்துவிட்டாள். பத்து, பதினெட்டு, இருபத்தைந்து, முப்பது மெகாவாட். சொன்ன நேரத்துக்குமேல் கொஞ்சம் ஆகிவிட்டிருந்தது. இறங்கிக்கொண்டிருந்த ஃப்ரீக்வென்சி நின்றது. அப்படியே தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மெல்ல ஏறத் தொடங்கியது. நாங்கள் மட்டுமல்ல, வேறு சில நிலையங்களும் சேர்ந்துதான் தூக்கினோம். ஆனால் நாங்களும்.

ஸ்பீக்கரில் மையத்துக்காரரின் குரல், முகம் தெரியாத மனிதர்: "தாழையாறு, இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா ரெண்டு மாவட்டத்தை வெட்டியிருப்போம். நன்றி. மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஓடட்டும்."

பெனிட்டா நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், சாரம்" என்றாள். முட்டி வரை கிரீஸ்.

"பிரேக் என்னாலதான் ஒட்டுச்சு. ரிப்போர்ட்ல அப்படியே எழுது" என்றேன்.

"எழுதத்தான் போறேன். தண்ணி இருந்ததும் உங்களாலதான்னு அடுத்த வரியில எழுதுவேன்."

அனல் நிலையங்கள் திரும்ப எழும்வரை மூன்று மணி நேரம் ஓடியது. இடையில் வெளியே வந்து ஆவுடைக்குப் போன் செய்தேன்.

"அங்க கரண்ட் போச்சா?"

"போகலையே. ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான்."

பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. யாரோ மிக்ஸி ஓட்டினார்கள். ஒன்றுமே நடக்காத ஒரு சாயங்காலம் அங்கே நடந்துகொண்டிருந்தது. எத்தனை லட்சம் வீடுகளில் அப்படி. நாங்கள் செய்த வேலைக்கு அடையாளம், ஒன்றும் நடக்காததுதான். அதை எந்தத் தூணில் வரைவது?

ஏப்ரல் 12

காலையில் ரகோத்தமன் அழைத்தார். நேற்றைய செய்தி அவருக்குப் போயிருக்கிறது.

"மூணு மணி நேரம் ஓடியிருக்கு. தொண்ணூறாயிரம் யூனிட். புது வருஷத்துக்கு நல்ல ஆரம்பம்."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"தண்ணியை விட்டிருந்தோம்னா நேத்து என்ன ஆயிருக்கும்னு எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா மாற்றல் மாற்றல்தான். என்னால அதைத் திருப்ப முடியாது."

"திருப்ப வேண்டாம் சார். லீவு வேணும்."

"எவ்வளவு?"

"சேந்து கிடக்கது எல்லாம்."

"எதுக்கு?"

"வீட்டு விஷயம்."

லீவைக் கொடுத்துவிட்டார், ஆனால் காரணத்தை நம்பவில்லை என்று நினைக்கிறேன். நான் சொன்ன பொய்களையெல்லாம் நம்பினவர்.

பிறகு தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். நேற்று சும்மாதான் என்று சொன்னது சும்மா இல்லை என்று தொடங்கி, முழுவதையும் சொன்னேன். ஒட்டிக்கொண்ட கட்டை, கடப்பாரை, அந்த இரண்டு நிமிஷம், என் முட்டாள்தனம், எல்லாம். இவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசி எத்தனை காலம் ஆயிற்றோ. நடுவில் ஒரு தடவைகூட அவள் ம்ம் என்று சொல்லவில்லை. லைனில் இருக்கிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். கைக்கு மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். லீவு கேட்டு வாங்கிட்டேன்."

"யாருக்காக?"

"அங்க வரலாம்னு" என்றேன். "அக்கா வீட்ல இடம் இருக்குமா?"

"அக்கா வீட்ல இடம் இல்ல. நானே அங்கேருந்து மாறப் போறேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

எனக்குத் தெரியாமல் அட்வான்ஸ் வரை போய்விட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். அந்தக் கோபத்துக்காகக் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

"பெரிய வீடா?"

"ரெண்டு ரூம்."

"ரெண்டு பேருக்குன்னு பாத்தியா?"

"ரெண்டு ரூம்னுதான் சொன்னேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "சமையல்கட்டு சின்னது. காலையில எனக்கு நேரம் இருக்காது. பாலை நீங்கதான் காய்ச்சணும்."

"சரி" என்றேன்.

தென்காசியிலிருந்து நாளைக் காலை பஸ்.